மூன்றாவதாகத் திறந்தவள்

படத்தைத் தொடாமலே அதன் உள்ளே பார்க்கிற கருவி ஒன்று நான் வேலை செய்த கலைக்கூடத்துக்கு வந்திருக்கிறது. பழைய ஆட்களையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். சிட்னியில் பிறந்த தமிழ்ப் பிள்ளை ஒருத்திதான் இப்போது என் பழைய வேலையைப் பார்க்கிறாள். திரையில் ஒரு நிலக்காட்சியின் அடியிலிருந்து வேறொரு முகம் எழும்பி வந்தபோது அவள் என் பக்கம் திரும்பி, "இது இல்லாத காலத்தில நீங்க எப்பிடி அன்ரி உள்ளுக்குப் பாத்தீங்க?" என்று பாதி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பாக்கேல்லைப் பிள்ளை. ஊகிச்சனாங்கள்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் ரயிலில் வீடு திரும்பும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருமுறை நான் ஊகித்ததும், ஊகித்த கையோடு கத்தியை எடுத்ததும் நினைவுக்கு வந்தன. அதை அவளுக்குச் சொல்ல அரை மணி நேரமாவது வேண்டும். அவளுக்கு அடுத்த கூட்டம் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது தற்செயல். கொழும்பில் இரசாயனம் படித்துவிட்டு, பெயின்ற் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் எந்தப் பூச்சு எத்தனை நாளில் உரிகிறது என்று நாலு வருடம் பார்த்துக்கொண்டிருந்தவள். எழுபதுகளின் நடுவில் என் கணவர் நேசனுக்கு சிட்னியில் ரயில்வே வேலை கிடைத்தது. ஹோம்புஷில் இரண்டு அறை ஃபிளாட். வந்த எட்டாம் மாதம், கலைக்கூடம் ஒன்றின் படங்களைப் பழுதுபார்க்கும் பிரிவுக்கு இரசாயனம் தெரிந்த உதவியாளர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து எழுதிப் போட்டேன். நேர்முகத்தில், எனக்குக் கலையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். "நல்லதாப் போச்சு" என்றார் பிரிவின் தலைவர். வார்டில் என்பது அவர் பெயர்.

வார்டில் லண்டன்காரர். அவர் பேசியது ஆங்கிலம்தான். இங்கே அவரும் மற்றவர்களும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் மாதிரிப் பேசினால் குறை நினைக்க வேண்டாம். நாற்பது வருடத்துக்கு மேலாக அவர்கள் என் தலைக்குள் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் நாளே அந்த மனிதர் என்னைத் திடுக்கிட வைத்தார். ஒரு மெல்லிய மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி, வாயில் வைத்து நனைத்து, ஒரு பழைய சீமாட்டியின் கன்னத்தில் உருட்டினார். பஞ்சு மண்ணிறமாக வந்தது, கன்னம் வெளுத்தது. "எச்சிலைப் போல ஒரு நல்ல திராவகம் இல்லை. நீங்கள் செய்யுங்கோ" என்றார். அம்மா குடித்த கோப்பையில்கூட வாய் வைக்காமல் வளர்ந்தவள் நான். அன்றைக்கு அந்தச் சீமாட்டியின் நெற்றி முழுவதையும் என் எச்சிலால்தான் துடைத்தேன். வீட்டுக்கு வந்து நேசனிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் சமைத்ததைச் சாப்பிட மாட்டார்.

வார்டிலின் முறைகள் எல்லாம் அப்படித்தான், கேட்டால் எளிது, செய்தால் உயிர் போகும். பஞ்சைத் தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். ஒவ்வொரு உருட்டலுக்குப் பிறகும் படத்தைப் பார்க்கக் கூடாது, பஞ்சைப் பார்க்க வேண்டும். அழுக்கைத் தவிர வேறு நிறம் வந்தால் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழும்ப வேண்டும். பாவித்த பஞ்சு ஒன்றைக்கூட எறிய மாட்டார். படத்தின் பெயர் எழுதிய போத்தலில் போட்டு வைப்பார். எதையாவது வெட்டவோ பிரிக்கவோ முன்னர் மூன்று காரியம் கட்டாயம். அளவுகோலோடு புகைப்படம் எடுக்க வேண்டும். பக்கவாட்டில் விளக்குப் பிடித்து மேடு பள்ளம் பார்க்க வேண்டும். உரிமையாளரைக் கேட்க வேண்டும். கோபம் வந்தால் அவர் சத்தம் போடுவதில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறார் என்பதைக் கொண்டு எவ்வளவு கோபம் என்று நாங்கள் கணக்குப் பார்ப்போம்.

எழுபதுகளின் கடைசியில், நான் வேலையில் இன்னும் நிரந்தரமாக்கப்படாமல் இருந்த காலத்தில், சோவியத் நாட்டை விட்டு வந்த ஓவியர்களின் கண்காட்சி ஒன்றை ஒழுங்கு செய்தார்கள். அங்கே அரசாங்கம் ஏற்றுக்கொள்ளாத ஓவியர்கள் மண்டபங்களில் படம் மாட்ட முடியாது. நண்பர்களின் வீட்டுக் குசினிகளில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு மாலைக்கு மட்டும் மாட்டி, காதோடு காதாகச் சொல்லி ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அப்படி மொஸ்கோவில் ஒளிந்து காட்டிக்கொண்டிருந்த ஒருவர் செம்யோன். ஐம்பது வயது, மெல்பேர்னில் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு எழுத்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் அனுப்பிய படம் மரப்பெட்டியில் வந்து சேர்ந்தது.

பெட்டியைத் திறந்து பார்த்தால் படமே இல்லை. ஆளை விட உயரமான ஒரு பலகை, என் உள்ளங்கை அகலம். முழுவதும் மண்ணிறப் பெயின்ற், அரசாங்கக் கட்டடங்களில் அடிக்கிற மாதிரி. ஓரத்தைப் பார்த்தால் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஐம்பது பூச்சாவது இருக்கும். அதோடு வந்த தாளில் 'வலது பக்கம். மரத்தில் பெயின்ற்' என்று மட்டும் இருந்தது. அங்கிருந்து கொண்டு வரும்போது சுங்க அதிகாரிகள் இதைத் தளபாடத் துண்டு என்று நினைத்து விட்டுவிட்டார்களாம். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தேன்.

அன்றைக்கு வார்டில் கன்பெராவுக்குப் போயிருந்தார். பலகையை மேசையில் கிடத்தி, புகைப்படம் எடுத்து, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தேன். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில், பெயின்றுக்குக் கீழே விரல் அளவு மேடு ஒன்று சாய்வாக ஓடியது. அதன் கீழ் முனையில் வெடிப்பு. பெட்டியின் அடியில் செம்மண் நிறத்தில் தூள் கொட்டிக் கிடந்தது.

பார்த்ததும் அது கதவு நிலை என்று விளங்கிவிட்டது. கதவைத் தொங்கவிடுகிற பிணைச்சல் அடித்த தழும்பு ஓரத்தில் இருந்தது. கதவு நிலையில், பெயின்றுக்குக் கீழே, விரல் அகலத்தில் மேடு, அடியில் மண் தூள். இதைப் பார்த்து கறையான் என்று சொல்லாத ஒருவர் எங்கள் ஊரில் பிறந்திருக்க முடியாது. மேலே பூச்சு அப்படியே இருக்கும், விரலால் குத்தினால் உள்ளே மரமே இருக்காது. பக்கத்து அறையில் நூற்றுக்கணக்கான படங்கள், எல்லாம் மரச்சட்டத்தில். இரவுக்குள் ஒன்று அங்கே ஊர்ந்து போனால் என்று நினைத்தேன். மெல்பேர்னில் செம்யோனுக்குத் தொலைபேசி இல்லை. வார்டிலோ கூட்டத்தில். மூன்றாவது காரியத்தை நான் செய்யவில்லை. சிறிய கத்தியை எடுத்து வெடிப்பின் மேல் வைத்தேன்.

உள்ளே தகரம் பளிச்சிட்டது. கறையான் தகரத்தில் கூடு கட்டாது என்று அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். கை நிற்கவில்லை. தகரக் குழாய் ஒன்று, அதன் வாயில் மடித்த காகிதம். பூச்சி அதற்குள் இருக்கலாம் என்று இடுக்கியால் இழுத்து, ஒற்றுத்தாளில் வைத்து விரித்தேன். பழுப்பேறிய ரஷ்யச் செய்தித்தாள் துண்டு. கழுத்தில் துணி கட்டிய பிள்ளைகள் வரிசையாக நடக்கும் படம். அதற்குள் இன்னொரு மெல்லிய தாள், சுருட்டியபடி. அதில் ரஷ்ய எழுத்து இல்லை. சதுரம் சதுரமான எழுத்துகள், மூன்று வரி, நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாக மாறுகிற பென்சிலால் எழுதியது. அவ்வளவு அழகான, நேரான கையெழுத்து.

கன்பெராவுக்கு வார்டிலைத் தேடித் தொலைபேசி எடுத்தேன். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். பிறகு, "ஒண்டையும் தொடாதையுங்கோ. அறையைப் பூட்டிப்போட்டு வீட்டை போங்கோ" என்றார்.

வீட்டில் நேசன் என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். சொன்னேன்.

"ஆரோ ஒராளின்ர கதவு நிலையை நீர் ஏன் கிளறினீர்?"

"கறையான் எண்டு நினைச்சனான்."

"குளிர் நாட்டு மரத்தில கறையானோ? எண்டாலும் நானும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன்" என்றார். இவர் ஒருநாளும் என் பக்கம் கதைக்காதவர். அன்றைக்குக் கதைத்தபடியால்தான் விஷயம் எவ்வளவு மோசம் என்று எனக்கு உறைத்தது.

காலையில் வார்டில் நேரே ரயிலடியிலிருந்து வந்தார், பெட்டி கையில். மேசையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், துடைத்தார், நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"மிஸிஸ் நேசன், கதிரையில இருங்கோ. இது என்னெண்டு தெரியுமோ?"

"இல்லை."

"நான் சின்னனில கிழக்கு லண்டனில ஒரு யூதக் குடும்பத்தின்ர மேல்மாடியில இருந்தனான். அவையின்ர வாசலில, உள்ள போகேக்கை வலது பக்கம், இப்பிடிச் சாய்வா ஒரு குழாய் இருந்தது. மெஸூஸா எண்டுறது. உள்ளுக்குத் தோலில, இதே சதுர ஹீப்ரு எழுத்தில எழுதின வேத வாக்கியம் சுருட்டி வச்சிருக்கும். போகேக்கையும் வரேக்கையும் அதைத் தொட்டுப்போட்டு விரலை வாயில வச்சுக் கொஞ்சுவினம்."

எங்கள் வீட்டு நிலையில் அம்மா வெள்ளிக்கிழமைகளில் சந்தனமும் குங்குமமும் வைப்பா. அதை ஒருத்தர் கத்தியால் சுரண்டினால் எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவும் துணியவில்லை. பயந்த காலத்தில் ஒரு குடும்பம் அதைப் பெயின்ற் அடித்து மூடியிருக்கிறது. மூடியதைத்தான் இந்த மனிதர் படம் என்று கொண்டு வந்திருக்கிறார். பார்க்கிறவர்கள் ஒரு வீக்கத்தை மட்டும் காண வேண்டும், உள்ளே இருப்பதைக் காணக் கூடாது. அதுதான் முழு வேலையும். நான் அதை அறுத்துவிட்டேன்.

வார்டில் பூதக்கண்ணாடியை எடுத்துக் குழாயின் கீழ் முனையைப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். என் வெட்டைத் தவிர அங்கே இரண்டு பழைய வெட்டுகள் இருந்தன. பெட்டியில் கொட்டியிருந்த தூள் வெடிப்பிலிருந்து உதிர்ந்த பழைய பெயின்ற்தான். முதலாவது கோணல்மாணல். மாவுப் பசை மாதிரி ஏதோ வைத்து அடைத்து, மேலே விரலால் பெயின்ற் பூசியிருந்தது, விரல் ரேகைகூடத் தெரிந்தது. "சின்ன விரல். ஒரு பொம்பிளையாய் இருக்கும்" என்றார் வார்டில். இரண்டாவது வெட்டு நூல் பிடித்த மாதிரி நேர். மரவெடிப்பு அடைக்கிற நல்ல மக்கு வைத்து, தூரிகையால் மூடியிருந்தது. முதல் வெட்டுக்கு மேலே, இரண்டாவதற்குக் கீழே, எத்தனை பூச்சு என்று எண்ணச் சொன்னார். மூன்று முறை எண்ணினேன். மூன்று.

"எங்களுக்கு முன்னம் ரெண்டு பேர் திறந்திருக்கினம்" என்றார். நாங்கள் இருவரும் வேறொன்றும் ஊகிக்கவில்லை. ஊகித்து நான் செய்தது போதும் என்று எனக்குப் பட்டது.

ஊதா எழுத்துத் தாளைச் செய்தித்தாளில் வைத்து, மடிப்பு மாறாமல் குழாய்க்குள் வைத்தோம். வெட்டை மட்டும் மூடவில்லை. அதற்கு உரிமையாளர் வர வேண்டும் என்றார் வார்டில். தாள்களைப் படம் எடுக்கவும் விடவில்லை. செம்யோனுக்குத் தந்தி போனது. பிறகு கலைக்கூட இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொரு படமும் எப்படி இருக்கிறது, என்ன சேதம் என்று நாங்கள் எழுதுகிற அறிக்கையில் கடைசியில் உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். செம்யோன் அதில் கையெழுத்துப் போட்டால் நான் வேலையில் தொடரலாம், மறுத்தால் மாத முடிவோடு போகலாம் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். அது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது.

இரண்டு நாள் கழித்து, காலை ரயிலில் செம்யோன் வந்தார். கட்டையான மனிதர், கோட்டின் ஒரு பொத்தானைக் காணவில்லை. மேசைக்கு வந்து வெட்டைப் பார்த்தார். ஒரு முகம் அப்படி வெளிறிப் போவதை நான் முதன்முதலாக என் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். ஏன் என்று கேட்கவில்லை. எப்படி என்றும் கேட்கவில்லை.

"ஆர் பாத்தது?"

"நான்தான்" என்றேன். "கறையான் எண்டு நினைச்சு..."

"உள்ளுக்கு என்ன இருந்தது எண்டு சொல்லாதையுங்கோ. எனக்கு முன்னால சொல்லாதையுங்கோ." வார்டில் அறிக்கையை நீட்டினார். அதைத் தொடாமல் வெளியே போய்விட்டார்.

எனக்கு அவர் ஏன் கேட்க மறுக்கிறார் என்று ஒரு கணக்கு இருந்தது. உள்ளே தோல் சுருள் இருக்கிறது என்று நம்பி, அந்த நம்பிக்கையின் மேல் ஒரு படத்தைக் கட்டியிருக்கிறார். செய்தித்தாளும் பென்சிலால் எழுதிய ஒரு தாளும்தான் இருந்தன என்று சொன்னால் படமும் போய், நம்பிக்கையும் போய்விடும். பாவம் மனிதர் என்று நினைத்தேன். பெயின்றுக்குக் கீழே மறைந்திருந்தது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது என்ற எண்ணம் வீட்டிலும் என்னை விடவில்லை.

அடுத்த நாளும் வந்தார். உள்ளே வராமல், எதிரே பூங்காவின் நீள மர வாங்கில் உட்கார்ந்து எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியோடு போய், இடம் விட்டு அதே வாங்கில் இருந்தேன். இடியப்பத்தை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். எழும்பி வந்துவிட்டேன். அறிக்கையில் என் பகுதியை எழுதி முடித்தேன், ஒரு வரி விடாமல், கறையான் உட்பட. வேலை போகத்தான் போகிறது, பொய்யோடு போக வேண்டாம் என்று இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். வார்டில் எழும்பி வெளியே போகப் பார்த்தார். "இருங்கோ. ரெண்டு பேரும் கேக்க வேணும்" என்றார் செம்யோன். பலகையின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். அவருடைய ஆங்கிலம் கொஞ்சம்தான், தேடித் தேடிப் பேசினார்.

"நீங்கள் உள்ளுக்குப் பேப்பரைப் பாத்திருப்பீங்கள். பாத்துப்போட்டு, என்ர அப்பா பயந்து அந்தத் தோலை எடுத்து எறிஞ்சு போட்டு, மேடு தெரிய வேணும் எண்டு பேப்பரைத் திணிச்சவர் எண்டு நினைச்சிருப்பீங்கள். மூண்டு நாளாய் நீங்கள் அப்பிடி நினைச்சுக்கொண்டு இருக்கிறியள். அதை என்னால தாங்கேலாது. அதை எடுத்தது அப்பா இல்லை. நான்."

வார்டில் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"எனக்குப் பத்து வயசு. கட்சியின்ர சிறுவர் சங்கத்தில சேர்ந்து கழுத்தில சிவப்புத் துணி கட்டின காலம். வீட்டில சாமிச் சாமான் ஒளிச்சு வச்சிருந்தால் கொண்டு வரச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில சொன்னவை. அப்பா நிலைக்குப் பெயின்ற் அடிச்சு மூடினது எனக்குத் தெரியும். அவர் வேலைக்குப் போகேக்கை அந்த இடத்தில கையை வைப்பார், தடுமாறி நிலையைப் பிடிக்கிற மாதிரி. ஒரு நாள் அவர் இல்லாத நேரம் கத்தியால கிளப்பி, தோலை எடுத்து, நான் வாசிக்கிற சின்னப்பிள்ளையளின்ர பேப்பரில ஒரு துண்டை உள்ளுக்கு வச்சு, மாவைக் குழைச்சு அடைச்சனான். ரீச்சர் அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினவ. எல்லாரும் கை தட்டினவை. பிறகு அதை அடுப்பில போட்டவ."

திரும்பிப் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அப்பா அதுக்குப் பிறகு இருபத்தைஞ்சு வருஷம் உயிரோட இருந்தவர். ஒவ்வொரு வசந்தத்திலயும் அந்த நிலைக்குப் பெயின்ற் அடிச்சவர். ஒவ்வொரு நாளும் அதைத் தொட்டவர். என்ர பேப்பரைத் தொட்டவர். நான் பாத்துக்கொண்டு நிண்டனான். சொல்லேல்லை. அவர் செத்தாப் பிறகு நிலையைக் கழட்டி எடுத்து, வருஷா வருஷம் நான் அடிச்சனான். குசினிக் கண்காட்சிக்கு வந்த ஆக்கள் எல்லாம் மெஸூஸா உள்ளுக்கு இருக்கு எண்டு நினைச்சு அழுதவை. நான் அப்பிடியே நினைக்க விட்டிட்டன். அதுதான் இந்தப் படம்."

சின்ன விரல், மாவுப் பசை, கழுத்தில் துணி கட்டிய பிள்ளைகள். எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் இருந்தன, நான் ஒன்றையும் காணவில்லை. அதோடு இன்னொன்றும் விளங்கியது. செய்தித்தாளை மட்டும்தான் அவர் சொல்கிறார். மற்றத் தாளைப் பற்றி அவருக்குத் தெரியாது.

வார்டிலைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லலாமா என்று நான் கண்ணால் கேட்டேன். அவர் வாழ்நாளில் முதல் தடவையாக, எந்த முறையும் தெரியாதவர் போல, தோளை மட்டும் அசைத்தார்.

"மிஸ்டர் செம்யோன்," என்றேன், "நீங்கள் சொல்லாதையுங்கோ எண்டனீங்கள். நான் சொல்லத்தான் போறன். உங்கட பேப்பருக்கு உள்ளுக்கு இன்னொரு தாள் இருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் வைக்கேல்லை."

"ஓம். உங்களுக்குப் பிறகு வேறை ஆரோ திறந்திருக்கினம். அவை மக்கு வச்சு, வடிவா மூடியிருக்கினம். தாளில மூண்டு வரி, ஊதாப் பென்சில். ரஷ்ய எழுத்து இல்லை. அச்சடிச்ச மாதிரி நேரான எழுத்து."

"அப்பா அச்சுக்கூடத்தில எழுத்துக் கோத்தவர்" என்றார் அவர், யாருக்கோ சொல்வது போல. பிறகு, "எப்ப?" என்று கேட்டார். "எப்ப திறந்தது?"

"உங்கட வெட்டுக்கு மேல மூண்டு பூச்சு. அதுக்குப் பிறகு."

விரலை மடித்து எண்ணினார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. நான்காம் விரலில் நின்றுவிட்டார். வார்டில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"பதின்மூண்டு. எங்கட ஆக்களில ஒரு பெடியன் பெரிய ஆளாகிற வயசு. கோயிலில வச்சுச் செய்யிறது. எனக்குச் செய்யேல்லை, செய்யேலாத காலம்." கொஞ்சம் பொறுத்து, "பென்சிலால, பேப்பரில எழுதினால் அது செல்லாது. தோலில, மையால, அதுக்கெண்டு இருக்கிற ஆள் எழுத வேணும். அப்பாவுக்கு அது தெரியும்" என்றார். மறுபடியும், "அப்பாவுக்குத் தெரியும்" என்றார். இந்த முறை வேறு எதையோ சொன்னார் என்பது எங்கள் இருவருக்கும் விளங்கியது.

ஆறுதலா, தண்டனையா என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. தன் பிள்ளை செய்ததைக் கண்டுபிடித்த ஒரு தகப்பன், அதை எறியாமல், அந்தச் செய்தித்தாளையே உறையாக்கித் தன் எழுத்தை உள்ளே வைத்து மூடிவிட்டு, இருபது வருடத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் தினமும் தொட்டுக்கொண்டு போயிருக்கிறார். மகனும் பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே குசினியில் சூப் குடித்திருக்கிறார்கள்.

தாளைப் பார்க்க வேண்டுமா என்று வார்டில் மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்றார் செம்யோன். "மூடுங்கோ. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்." மக்கு வைத்து மூடினேன். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

முடிந்ததும் அவர் அறிக்கையைக் கேட்டார். கையெழுத்துப் போடுகிற கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்துக்குப் போனார். 'படைத்தவர்' என்ற இடத்தில் நான் தட்டச்சு செய்திருந்த அவருடைய பெயரை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, மேலே தன் தகப்பனின் பெயரை எழுதினார். பிறகு விரலால் வரி வரியாகத் தேடிக்கொண்டு போய், 'முன்னர் ஏற்பட்ட சேதம், செய்தவர் தெரிந்தால் பெயர்' என்ற இடத்தில் நிறுத்தினார். அங்கே தன் பெயரை எழுதி, பக்கத்தில் 'வயது பத்து' என்று எழுதினார்.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு, மறுபடி அந்த வரிக்கே திருப்பி, பேனாவை என்னிடம் நீட்டினார். அதற்குக் கீழே நான் என் பெயரை எழுதினேன். எனக்கு முப்பத்தொன்று.